கறுப்பாக இருக்கும் எனக்கு பிளெயின் சட்டை எடுக்குமா? எளிமையாக எப்படி உடுத்தலாம்?

கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. இரண்டு மூன்று பிளெயின் சட்டைதான் கையில் உண்டு, வெளியே போக வர அவற்றையே வைத்து எப்படிப் பாந்தமாக உடுத்துவது என்பது ஒன்று. "நான் கறுப்பு, வெள்ளையும் வெளிர் நிறமும் எனக்கு எடுக்காது என்கிறார்கள், என்ன செய்ய" என்பது இன்னொன்று. முதலாவது மட்டும் என்றால் நான் எழுத வந்திருக்க மாட்டேன், அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

வயது நீங்கள் போடவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும், இன்னும் அம்மாவோ அக்காவோ கூட வந்துதான் சட்டை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். "எடுக்காது" என்ற சொல் பெரும்பாலும் அவர்கள் வாயில் இருந்துதான் வரும். அன்பாகத்தான் சொல்வார்கள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக உள்ளே போய்விடுகிறது.

நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், ஜென்ட்ஸ் செக்‌ஷனில், 2004இல் இருந்து 11 வருடம் நின்றவன். ஃபேஷன் டிசைனிங் படித்தவன் இல்லை. படித்தவர்கள் வந்து திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் தினமும் நாற்பது ஐம்பது பேர் கண்ணாடி முன்னால் சட்டையை நெஞ்சில் வைத்துப் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். பையன் கை ஒரு வெள்ளைச் சட்டைக்கோ வெளிர் நீலத்துக்கோ போகும். உடனே அம்மா, "அது அவனுக்கு எடுக்காது தம்பி, கொஞ்சம் வெளுப்பாக் காட்டுற மாதிரி குடுங்க" என்பார். பையன் கையை எடுத்துவிடுவான். நாங்களும் மறுபேச்சில்லாமல் மங்கலான சாம்பல், சாயம் போன சந்தனக் கலர் என்று நாலு சட்டையை விரித்துப் போடுவோம். அவனும் அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு போவான்.

எங்கள் பக்கம் அழகர்கோவில் போனால் பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிடாமல் வர மாட்டோம். பிள்ளைக்குக் கருப்பசாமி என்று ஆசையாகப் பேர் வைப்போம். அதே பிள்ளை வளர்ந்து சட்டை எடுக்க வந்தால் மட்டும் கறுப்பை மறைக்கத் துணி தேடுவோம். இதைச் சொன்னால் அனுதாபம் தேடுகிறான் என்று யாராவது எழுதலாம். எழுதட்டும்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்குப் பதின்மூன்று வயது. வாடிப்பட்டியில் சித்தப்பா மகளுக்குக் காதுகுத்து. அப்பா புது வெள்ளைச் சட்டை எடுத்துத் தந்திருந்தார். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். சாப்பிட உட்கார்ந்திருந்த அத்தை ஒருவர் பக்கத்தில் இருந்தவர்களிடம், "பாருங்கடி, சட்டை மட்டும் தனியா நடந்து வருது" என்றார். அந்த வரிசையே சிரித்தது. தண்ணீர்ச் செம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய்ச் சட்டையைக் கழற்றி மஞ்சள் பைக்குள் திணித்தேன். மிச்ச நேரம் பனியனோடு இருந்தேன். அதற்குப் பிறகு இருபத்தாறு வயது வரை நான் வெள்ளைச் சட்டை போடவில்லை. சட்டை விற்கிற கடையில் வேலை பார்த்துக்கொண்டே போடவில்லை.

2008இல் தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் எனக்கு வைத்த துணியில் சட்டை பிட்டு தூய வெள்ளை. பெண்ணின் அண்ணன், போட்டே ஆக வேண்டும். எங்கள் கடை டெய்லரிடம் கொடுக்கக் கூச்சமாக இருந்தது, கூட வேலை பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்வார்களோ என்று. அதனால் புதுமண்டபத்துக்குக் கொண்டுபோனேன். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். தூணுக்குத் தூண் சிலை, சிலைக்குக் கீழே தையல் மெஷின், அப்படித்தான் அப்போது இருக்கும். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"லூஸாத் தைங்க மாஸ்டர்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் டேப்பைப் போட்டார். "தோள் பதினெட்டு. நீ போட்டிருக்கிற சட்டை பத்தொன்பதரை. இது உன் தோள்ல நிக்கலப்பா, கையில தொங்குது." பெருவிரலால் என் தோள் முனை எலும்பை அழுத்தினார். வலித்தது. "தையல் இங்க உக்காரணும். இது உக்காந்துட்டா மத்ததெல்லாம் தன்னால வரும்."

எனக்கு வெள்ளை எடுக்காது, சும்மா ஒரு நாளைக்குத்தான் என்று சொன்னேன். அவர் பிட்டை உதறி என் முழங்கை மேல் போட்டு, வெளிச்சம் வருகிற பக்கம் என் கையைத் திருப்பினார். "வெளுத்தவன் மேல வெள்ளத்துணியப் போட்டா ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிரும். உன் மேல போட்டாத்தான் என் தையலே தெரியும்." சாக்பீஸை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான் பேசினார். அந்தக் கையை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று அதே அத்தை மண்டபத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி, "எங்கடா தைச்ச? நல்லா இருக்கே" என்று காலரைத் தொட்டுப் பார்த்தார். காதுகுத்தில் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. நான் பதின்மூன்று வருடம் சுமந்திருக்கிறேன், அவருக்கு அது அன்றைக்கே முடிந்த பேச்சு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிளெயின் சட்டையில் கோடு, கட்டம், பூ எதுவும் இல்லை. கண் வேறெங்கும் ஓட வழியில்லாததால் நேரே அளவின் மேல்தான் விழும். அளவு சரியாக இருந்தால் ஆயிரம் ரூபாய்க்குள் எடுத்த சட்டையே அம்சமாக இருக்கும். தப்பாக இருந்தால் எந்த பிராண்ட் போட்டாலும் இரவல் சட்டை மாதிரிதான். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ரெடிமேடில் நெஞ்சையும் இடுப்பையும் பிடித்துக் கொடுக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம். தோளைக் குறைப்பது என்றால் கையைப் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும், பல டெய்லர்கள் மாட்டேன் என்பார்கள். அதனால் தோள் சரியில்லாத சட்டையைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மேல் பட்டனைப் போட்டால் காலருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். அரைக்கை என்றால் முழங்கைக்கு நன்றாக மேலேயே முடிந்து, கையை ஒட்டி நிற்க வேண்டும். குடை மாதிரி விரிந்து நின்றால் உள்பக்கம் ஒரு தையல் பிடிக்கச் சொல்லுங்கள்.

நீளத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். டக் இன் செய்யாமல் விடுகிற சட்டை பேன்ட்டின் ஜிப் பாதியை மறைத்தால் போதும், பின்னால் பாக்கெட்டின் பாதி. அதற்கு மேல் தொங்கினால் ஆள் குட்டையாகத் தெரிவார். முன்னும் பின்னும் வளைந்து நீளமாக இருக்கிற சட்டை டக் இன் செய்வதற்கென்றே வெட்டியது. அதை வெளியே விட்டுத்தான் போடுவேன் என்றால் ஒன்றரை இன்ச் குறைத்து நேராக மடித்துத் தைக்கக் கொடுங்கள், சின்ன வேலைதான்.

நிறம். வெள்ளை போடுங்கள், தயங்காதீர்கள். அடர்ந்த நிறங்களும் நமக்கு நன்றாக இருக்கும்: பாட்டில் பச்சை, மெரூன், நேவி ப்ளூ, நன்றாகப் பழுத்த மஞ்சள். நான் ஒதுக்குவது இரண்டு வகை. ஒன்று, மேலே சொன்ன சாயம் போன மாதிரியான கலர்கள், "வெளுப்பாகக் காட்ட" என்று தருகிறார்களே அதேதான். அவை ஆளைச் சோர்வாகக் காட்டும். இன்னொன்று பளபளவென்று மின்னும் துணி. டியூப்லைட் வெளிச்சத்தில் முகத்தை விட்டுவிட்டுத் துணிதான் மின்னும். கடைக்குள் இருக்கிற விளக்கை நம்பாதீர்கள். பில் போடுமுன் சட்டையை வாசல் பக்கம் கொண்டுபோய் வெயிலில் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். நல்ல சேல்ஸ்மேன் கூடவே வருவான்.

மதுரை வெயிலுக்கு வேர்வையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வெள்ளையிலும் நேவியிலும் வேர்வை ஈரம் அவ்வளவாகத் தெரியாது. சாம்பலிலும் வெளிர் நீலத்திலும் திட்டுத்திட்டாகத் தெரியும். சித்திரை வைகாசியில் அவற்றைப் பகலில் தவிர்த்துவிடுங்கள். காட்டன் அல்லது லினன் கலந்த காட்டன் போதும், பாலியஸ்டர் வேண்டாம். இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை: வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் பனியன் கோடு அப்படியே வெளியே தெரியும். நம் தோல் நிறத்துக்குக் கிட்ட இருக்கிற பழுப்பு, அல்லது அடர் சாம்பல் பனியன் போட்டுப் பாருங்கள். காணாமல் போய்விடும்.

கீழே என்ன என்று கேட்டால், நான் வைத்திருந்தது மூன்றே பேன்ட்: கிழிசல் இல்லாத அடர் நீல ஜீன்ஸ், சந்தனக் கலர் காட்டன், ஆலிவ் பச்சைக் காட்டன். பிளெயின் சட்டை எதுவும் இந்த மூன்றோடும் சேரும். ஞாயிற்றுக்கிழமை ஜீன்ஸுக்கு மேல் முழுக்கைச் சட்டையை விட்டு, கஃப் அகலத்துக்கு இரண்டு மடிப்பு, முழங்கைக்குக் கீழே நிறுத்துங்கள். முழங்கைக்கு மேலே சுருட்டினால் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும். அலுவலகத்துக்கு சந்தனக் கலர் பேன்ட்டில் டக் இன், பெல்ட்டும் செருப்போ ஷூவோ ஒரே பழுப்பு. வெள்ளை ஷூ இப்போது எல்லோரும் போடுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மாசி வீதிப் புழுதியில் இரண்டு நாள் தாங்காது. பழுப்புத் தோல் செருப்பே எல்லாவற்றுக்கும் போதும். டீ சர்ட்டுக்கு மேல் சட்டையைத் திறந்துவிடுவதை இங்கே மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கும் விசேஷத்துக்கும் அதே சட்டையோடு வேட்டி. கரை பாட்டில் பச்சையோ மெரூனோ மெல்லிசாக இருந்தால், அரைக்கைச் சட்டைக்கு அதைவிடப் பாந்தமான ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

"நின்றவன்" என்று மேலே எழுதினேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு பத்து வரை அந்தக் கடையில் உட்கார இடம் கிடையாது. கஸ்டமர் இல்லாத மத்தியான நேரத்திலும் ரேக்கில் சாயக்கூடாது, சாய்ந்தால் சூப்பர்வைசர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். எட்டாவது வருடம் எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துக்கொண்டது. கூட இருந்த பெண்களுக்கு இன்னும் மோசம், சொல்லக்கூட மாட்டார்கள். 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். நான் அதற்கு ஆறு வருடம் முன்பே வேலையை விட்டுவிட்டேன். செய்தியைப் படித்த அன்று கால்களை நீட்டி உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்தேன். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். அடுத்த முறை சட்டை எடுக்கப் போகும்போது, உங்களுக்கு விரித்துக் காட்டுகிறவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் பில் போடுகிற இடத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்டால் எடுபடாது, கஸ்டமர் கேட்டால் எடுபடும்.

ரெடிமேட் அமையவில்லை என்றால் தைத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டைக்கு 36 இன்ச் அகலத் துணியில் 2.25 மீட்டர், 58 இன்ச் அகலம் என்றால் 1.60 மீட்டர் போதும். உயரமான ஆள் என்றால் டெய்லரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். கதர் பிடிக்கும் என்றால் மேல மாசி வீதிக்குப் போங்கள். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறிய வீடு அங்கேதான், அதே கட்டடத்தில் கதர் கடை இருக்கிறது. கதர் முதலில் மொடமொடவென்று இருக்கும். நாலு சலவைக்குப் பிறகு உடம்போடு வந்துவிடும்.

எந்தக் காட்டனாக இருந்தாலும் தைக்கக் கொடுக்குமுன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவையுங்கள். கொடுக்கும்போது "ஏற்கெனவே நனைச்சாச்சு மாஸ்டர்" என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சுருக்கத்துக்கென்று அவர் ஒரு இன்ச் கூட விட்டு வெட்டிவிடுவார், சட்டை மறுபடியும் கையில்தான் தொங்கும்.