கேள்வி பதில்: ஏஐ வந்துருச்சு, நியூஸ் டெஸ்க்ல நமக்கு என்ன வேலை?

ஏழு வருஷமா சப் எடிட்டரா இருக்கேன். பிரஸ் நோட்ட செய்தியாக்குறது, தலைப்பு போடுறது, நீளத்த வெட்டுறது, இதான் வேலை. இத ஏஐ அரை நிமிஷத்துல பண்ணிடுது. நான் என்ன ஆவேன்?

உங்க வேலை இந்த மூணோட நின்னா கஷ்டம்தாங்க, பொய் சொல்ல மாட்டேன். இது நேத்து ஆரம்பிச்ச கதையும் இல்ல. அசோசியேட்டட் பிரஸ்ங்கிற அமெரிக்க செய்தி நிறுவனம் 2014லயே கம்பெனிங்களோட காலாண்டு ரிசல்ட் செய்திய சாஃப்ட்வேர்கிட்ட விட்டுட்டாங்க, காலாண்டுக்கு 300 செய்தி போட்டுட்டு இருந்தவங்க அப்புறம் 3000த்த தாண்டிட்டாங்க.

ஆனா இன்னொன்னையும் பாருங்க. சிநெட்ங்கிற அமெரிக்க டெக் செய்தித் தளம் ஏஐய வச்சு 77 கட்டுரை போட்டு, 2023 ஜனவரில அதுல 41க்கு திருத்தம் போட வேண்டியதாச்சு. ஒண்ணுல 10,000 டாலர 3 சதவீத வட்டிக்குப் போட்டா வருஷத்துல 10,300 டாலர் சம்பாதிக்கலாம்னு இருந்துச்சு, அசலையும் சேர்த்து வருமானம்னு சொல்லிடுச்சு, நிஜத்துல வட்டி வெறும் 300. வாக்கியம் வழவழன்னு இருந்தா கண்ணு நிக்காம ஓடிடும்ல, அதான் பிரச்சனையே. அந்த 10,300ல "இரு, இது இடிக்குதே"ன்னு நிக்கிற ஆள் தேவைப்படுது, அந்த ஆளா மாறிக்கோங்க. ஏஐ எழுதி வர்றத புது ட்ரெய்னி எழுதிக் குடுத்த செய்தி மாதிரி பாருங்க, பேரு, தொகை, தேதி மூணையும் தனித்தனியா மூலத்தோட ஒத்துப் பார்த்துட்டுதான் பக்கத்துக்கு அனுப்பணும்.

பேட்டி ரெக்கார்டிங்க ஏஐகிட்ட குடுத்து டைப் பண்ணிக்கலாமா?

தாராளமா. ஒரு மணி நேர ஆடியோவ நிறுத்தி நிறுத்திக் கேட்டு அடிச்சு கழுத்து வலி வந்தவன் சொல்றேன், பெரிய வரம் இது. ஆனா ஒரு தடவ மாட்டியிருப்பேன். ஒரு அதிகாரி "நாங்க அனுமதி கொடுக்கல"ன்னு சொன்னத அது "அனுமதி கொடுக்கலாம்"னு அடிச்சு வச்சிருந்துச்சு. பேச்சுத் தமிழ்ல வார்த்தை கடைசில இருக்கற அந்தச் சின்ன முழுங்கல்தான், அர்த்தம் தலைகீழ். நல்லவேளை பக்கம் போறதுக்கு முன்னாடி ஆடியோவ ஒரு தடவ ஓட்டினேன். அதனால மேற்கோள் குறிக்குள்ள போற ஒவ்வொரு வரியையும் காதால கேட்டுட்டுதான் போடணும், மத்தத மேலோட்டமா பார்த்தா போதும். அப்புறம், பேர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டவங்க குரல இலவச ஆப்ல ஏத்தவே ஏத்தாதீங்க, அந்த ஃபைல் எங்க போய் உக்காரும்னு நம்ம கையில இல்ல.

ஏஐ உதவியோட எழுதினா வாசகர்கிட்ட சொல்லணுமா?

எழுத்துப்பிழை பார்த்ததுக்கெல்லாம் வேணாம். வாக்கியத்தையோ படத்தையோ அதுவே உருவாக்கியிருந்தா கண்டிப்பா சொல்லணும், சொல்ல கூச்சமா இருந்தா அத போடாதீங்க.

ஏஐகிட்ட எப்படிக் கேட்டு வேலை வாங்கறதுன்னு சொல்லித்தர்ற ப்ராம்ப்ட் கோர்ஸ் ஒண்ணு சேரலாம்னு இருக்கேன், சேரட்டுமா?

காச வீணாக்காதீங்க, பத்து நாள் நோண்டினா தானா வந்துடும். அதுக்குப் பதிலா ஆவணம் படிக்கக் கத்துக்கோங்க. 2016ல வந்த பனாமா பேப்பர்ஸ்ல, அதான் பணக்காரங்களோட வெளிநாட்டு ரகசிய கம்பெனிங்கள அம்பலமாக்கின அந்த ஆவணக் கசிவுல, 1.15 கோடி ஃபைல், தேட மெஷின் வேணும்தான், ஆனா எந்தப் பேரத் தேடணும், கிடைச்ச பேரு நிஜமா அதே ஆள்தானா, அவருக்கு ஃபோன் போட்டு என்ன கேக்கணும்னு முடிவு பண்ணினது ரிப்போர்ட்டருங்க. அந்தக் கோர்ஸ் காசுல ரெண்டு பேர நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க, ஃபோன்ல சொல்லாதத வாசல்ல நின்னு பேசும்போது சொல்லுவாங்க.