ரெகுலேட்டர் சீறுகிறது, தண்ணீர் வருகிறது: ஸ்கூபா கருவிப் பராமரிப்பு கேள்வி பதில்

அரியாங்குப்பத்திலிருந்து: சார், சிலிண்டரைத் திறந்ததும் ஒண்ணும் இல்ல. ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு, வாயில வைக்கிற செகண்ட் ஸ்டேஜ்ல 'ஸ்ஸ்'னு காத்து கசியுது. காத்தைத் திறந்துவிடுற பர்ஜ் பட்டனைத் தட்டினா நிக்குது, மறுபடி ஆரம்பிக்குது. செகண்ட் ஸ்டேஜை மாத்திடலாமா?

செகண்ட் ஸ்டேஜை இப்போதைக்குத் தொடாதீர்கள். நின்று நின்று கசிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜை. சிலிண்டரில் 200 பாரில் இருக்கும் காற்றை அது 9, 10 பாருக்கு இறக்கி ஹோஸுக்குள் விடுகிறது. உள்ளே வால்வை அடைக்கும் ஹை பிரஷர் சீட் தேய்ந்திருந்தாலோ, உப்புத் துகள் சிக்கியிருந்தாலோ வால்வு முழுதாக மூடாது. ஹோஸில் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஓரளவுக்கு மேல் செகண்ட் ஸ்டேஜ் வால்வு தாங்காமல் திறந்துவிடும். நீங்கள் பர்ஜ் செய்யும்போது ஏறிய அழுத்தம் இறங்குகிறது, அதனால்தான் கசிவு நிற்கிறது.

உறுதி செய்ய, ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தத்தை (இன்டர்மீடியட் பிரஷர்) அளக்கும் ஐ.பி. கேஜ் ஒன்று போதும். மிதவை ஜாக்கெட்டான பி.சி.டி.க்குக் காற்று தரும் இன்ஃப்ளேட்டர் ஹோஸில் மாட்டி, சிலிண்டரைத் திறந்து, நாலைந்து முறை பர்ஜ் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் முள் ஒரே இடத்துக்கு வந்து சட்டென்று நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் பாருங்கள். முள் ஏறிக்கொண்டே போனால் சர்வீஸ்தான். முள் அசையாமல் நின்றும் கசிந்தால், அப்போது செகண்ட் ஸ்டேஜின் சீட்டைப் பார்க்கலாம்.

ரெகுலேட்டர் கெட்டால் பெரும்பாலும் காற்றை நிறுத்தாது, கூடுதலாக விடும். அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். 'காத்து வருதே, அப்புறம் பாத்துக்கலாம்' என்று பலரும் சர்வீஸைத் தள்ளிப்போடுவதும் இதனால்தான். அந்தக் கசிவை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: வருஷத்துக்கு அஞ்சாறு டைவ்தான். ஐப்பசியிலிருந்து தை வரை செட் அலமாரியிலேயே கிடக்கும். எனக்கும் வருஷா வருஷம் சர்வீஸ் வேணுமா?

வேண்டும். சும்மா கிடப்பதும் அதற்குத் தேய்மானம்தான். காற்றழுத்தம் இல்லாதபோது, பெரும்பாலான செகண்ட் ஸ்டேஜ்களில் ஸ்பிரிங் ரப்பர் சீட்டை உலோக விளிம்பின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் அப்படி இருந்தால் சீட்டில் வட்டமாகப் பள்ளம் விழும், கசிவு அங்கே தொடங்கும். உள்ளே தங்கிய உப்பு காய்ந்து படிகமாகி, ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தைக் கீறும். பல தயாரிப்பாளர்கள் ஓராண்டு அல்லது 100 டைவ், இதில் எது முந்துகிறதோ அதைக் கணக்காக வைக்கிறார்கள். சிலர் இரண்டாண்டு தருகிறார்கள், ஆனால் நடுவில் ஒரு பரிசோதனை கட்டாயம். உங்கள் மாடலின் கையேடு சொல்வதுதான் சட்டம்.

கடலூர் முதுநகரிலிருந்து: அண்ணே, போட்டு ப்ரொப்பெல்லர்ல வலை சிக்கினா இறங்கி அறுக்க பழைய செட் ஒண்ணு வாங்கிருக்கோம். மூச்சு இழுத்தா காத்தோட தண்ணியும் வருது.

மூன்று இடங்களைப் பாருங்கள். மவுத்பீஸில் பல் கடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலும், பிளாஸ்டிக் டை கட்டிய இடத்திலும் கிழிசல் இருக்கலாம். அடுத்து, விடும் மூச்சு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு: காளான் குடை போன்ற அந்த சிலிக்கோன் தட்டுக்கடியில் ஒரு மணல், ஒரு வலை நூல் இருந்தாலே தண்ணீர் உள்ளே வரும். மூன்றாவது டயாஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வு, மடிந்தோ கிழிந்தோ இருக்கலாம்.

கரையிலேயே சோதிக்கலாம். ரெகுலேட்டரை சிலிண்டரில் மாட்டுங்கள், வால்வைத் திறக்காதீர்கள். மீதிக் காற்றை பர்ஜ் செய்துவிட்டு வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். கொஞ்சமும் வரக்கூடாது, வாயில் பிடித்து இழுக்க வேண்டும். காற்று வந்தால், கடலில் அதே வழியாகத் தண்ணீர் வரும். உபரி செகண்ட் ஸ்டேஜான ஆக்டோபஸையும் இப்படியே பாருங்கள்.

துறைமுகத் தண்ணீரில் வண்டல் அதிகம். பிஸ்டன் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்றால் கடல்நீர் பிஸ்டனைச் சுற்றி உள்ளே புகும், சேறும் அங்கே படியும். இந்த வேலைக்கு மூடிய டயாஃப்ரம் வகை நல்லது. சர்வீஸ் முடியும்வரை இந்த செட்டோடு இறங்காதீர்கள். பிறகு இறங்கும்போதும் இன்ஜினை நிறுத்தி சாவியை எடுத்துவிட்டு, மேலே ஒருவரைக் காவலுக்கு வைத்துத்தான் இறங்க வேண்டும்.

குருசுக்குப்பத்திலிருந்து: ஆழம் போகப் போக மூச்சு இழுக்க கனமா இருக்கு. இழுக்கும்போது பிரஷர் கேஜ் முள்ளும் ஆடுது.

முதலில் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். திறந்திருந்தும் முள் ஆடினால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று நுழையும் இடத்தில் உள்ள ஃபில்டர் அடைத்திருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள், அது வெள்ளிப் பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சை படிந்திருந்தால் உள்ளே உப்புத்தண்ணீர் போய் பித்தளை களிம்பேறுகிறது. செம்பழுப்பு என்றால் இரும்பு சிலிண்டரின் துரு. கறுப்பு என்றால் கம்ப்ரசர் ஃபில்டரின் கரித்தூள், அப்போது காற்று நிரப்பிய இடத்திலும் சொல்லுங்கள். ஃபில்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்யக்கூடாது, மாற்ற வேண்டும்.

வீராம்பட்டினத்திலிருந்து: கழுவுறதுக்கு போர்வெல் தண்ணி போதுமா?

நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வேண்டாம், நம் கரையோரத்தில் பல போர்களில் கரிப்பு உண்டு. நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். அதற்குமுன் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று நுழையும் இடத்தை மூடும் டஸ்ட் கேப்பைத் துடைத்து இறுக்கிவிட வேண்டும். ஊறும்போது பர்ஜ் பட்டனை அழுத்தவே கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து, ஹோஸ் வழியாகத் தண்ணீர் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போகும். காய்வது நிழலில்.

புதுச்சேரியிலிருந்து: ஓ-ரிங்குக்கு தேங்காய் எண்ணெய், வாஸ்லின் போடலாமா?

கூடாது. வாஸ்லின் பல ரப்பர்களை ஊதவைக்கும். எந்த எண்ணெயும் உயர் அழுத்தத்தில், அதிலும் ஆக்சிஜன் கூடிய நைட்ராக்ஸில், தீப்பிடிக்கக் கூடியது. கையேடு சொல்லும் கிரீஸ் மட்டும், அதுவும் விரலில் பளபளப்பு தெரியும் அளவுக்கு.

கடலூரிலிருந்து: தண்ணிக்கடியில ஹோஸ் வெடிச்சா எது அதிக ஆபத்து?

லோ பிரஷர் ஹோஸ், அதாவது செகண்ட் ஸ்டேஜுக்கும் பி.சி.டி.க்கும் போவது. கேஜுக்குப் போகும் ஹை பிரஷர் ஹோஸின் அடியில் துளை ஊசிமுனை அளவுதான், அதனால் காற்று மெதுவாகவே போகும். லோ பிரஷர் ஹோஸ் சில நிமிடங்களில் சிலிண்டரைக் காலி செய்துவிடும். கேஜைப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் கூட இருப்பவரின் ஆக்டோபஸை வாங்கிக்கொண்டு, வழக்கமான வேகத்தில் மேலேறுங்கள். ரெகுலேட்டரே நிற்காமல் காற்றைக் கொட்டி ஃப்ரீ ஃப்ளோ ஆனால் உதட்டை இறுக்காமல், பக்கவாட்டில் காற்று வெளியேற விட்டு, சிறிது சிறிதாக உறிஞ்சியபடி ஏறலாம். ஹோஸின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறையை மாதமொரு முறை நகர்த்திப் பாருங்கள். வெடிப்பு அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும்.

அரியாங்குப்பத்திலிருந்து, மறுபடியும்: சர்வீஸ் கொடுத்து வாங்கும்போது என்ன கேக்கணும் சார்?

மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். சர்வீஸுக்கு முன்னும் பின்னும் எடுத்த ஐ.பி. அளவு, சீரியல் எண், தேதி இவற்றை எழுதி வாங்குங்கள். உங்கள் மாடலுக்கு அந்தக் கம்பெனியின் உதிரிபாகக் கிட்தான் போட்டார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். முதல் டைவ் ஆழம் குறைந்த இடத்தில் இருக்கட்டும். புது சீட் படிந்து உட்கார அழுத்தம் கொஞ்சம் மாறலாம், நாலைந்து டைவ் கழித்து ஐ.பி. கேஜை மறுபடி மாட்டிப் பாருங்கள்.