வொலங்காங்கில் வீடு பார்க்கிறவர்கள் கடலைப் பார்க்காதீர்கள், மலையைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இது: மனைவிக்கு, ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் வொலங்காங்கின் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். உங்களுக்கு சிட்னியில் ஐ.டி. வேலை, வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் போக வேண்டும். பையனை வரும் வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். எந்த ஏரியா நல்லது, பக்கத்தில் கோயில் இருக்கிறதா, கடல் தெரிகிற மாதிரி வீடு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் அதற்காகக் காசைக் கொட்ட வேண்டாம் என்பேன். மேப்பைத் திறந்து பாருங்கள். மேற்கே செங்குத்தான மலை, கிழக்கே கடல், நடுவில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஒரு பட்டைதான் ஊர். வடக்கே திரூல் பக்கம் ரொம்ப ஒடுங்கியிருக்கும், தெற்கே டாப்டோ பக்கம் அகலமாகும். நகரத்தை ஒட்டி எங்கே வீடு எடுத்தாலும் காரில் பத்து நிமிஷத்தில் மணலில் கால் வைக்கலாம். கடல் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். மலை அப்படி இல்லை. எங்கே மழை கூட, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்பதெல்லாம் அதன் கையில் இருக்கிறது.

முதலில் ஈரம். கடலிலிருந்து வரும் காற்று மலையில் முட்டி மேலே ஏறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டும். அதனால் மலையடிவாரத்துத் தெருக்களில் ஈரம் காயாது. அதோடு குளிர்காலத்தில், ஜூன் ஜூலையில், பிற்பகலிலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். கடற்கரையில் இன்னும் வெயில் இருக்கும்போதே அடிவாரத்தில் நிழல் விழுந்துவிடும்.

நீங்கள் ஊரில் வாசல் கிழக்கா வடக்கா என்று பார்த்துப் பழகியிருப்பீர்கள். இங்கே வாசலை விடுங்கள், ஹால் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பூமியின் தெற்குப் பாதியில் இருக்கிறோம், சூரியன் வடக்குச் சரிவில்தான் போகும். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெயில் விழும். தெற்கு மட்டும் பார்த்த ஃப்ளாட் என்றால் ஹீட்டருக்கும் பூஞ்சைக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும்.

வீடு பார்க்கப் போகும்போது (சனிக்கிழமை காலையில் கால் மணி நேரம் திறந்து விடுவார்கள், வாசலில் வரிசை நிற்கும்) எல்லோரும் கிச்சனைப் பார்ப்பார்கள். நீங்கள் நேரே படுக்கையறை அலமாரிக்குப் போங்கள். கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டி மோந்து பாருங்கள். நனைந்த சாக்கு வாடை வந்தால் அந்த வீடு வேண்டாம். திரைச்சீலையின் பின்பக்கத்தைத் திருப்புங்கள், ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலையில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். புதுசாக வெள்ளை அடித்த சுவர் நிறைய மறைக்கும், திரைச்சீலை மறைக்காது. கடலை ஒட்டிய வீடு என்றால் பால்கனிக் கதவின் ஸ்க்ரூவையும் ஏ.சி.யின் வெளிப்பெட்டியையும் பாருங்கள். துரு ஏறியிருக்கும் அளவைப் பார்த்தாலே உப்புக் காற்று எவ்வளவு வருகிறது என்று தெரியும்.

அடுத்தது ஓடைகள். மலையிலிருந்து கடலுக்குத் தூரம் குறைவு, சரிவு அதிகம். கனமழை பெய்தால் மேலே விழுந்த தண்ணீர் கொஞ்ச நேரத்திலேயே கீழே வந்துவிடும். 1998 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் ஓடைப் பாலங்களுக்கு அடியில் மரமும் குப்பையும் போய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் தெருக்களில் பாய்ந்து வீடுகளுக்குள் புகுந்தது. அதற்குப் பிறகுதான், பாலம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்த்தே நகராட்சி கணக்குப் போட ஆரம்பித்தது. 2024 ஏப்ரலிலும் வெள்ளம் வந்தது. ஃபிக்ட்ரீ அருமையான ஏரியாதான், கடைகள் கைக்கெட்டும் தூரம், ஆனால் பையராங் ஓடையை ஒட்டிய தெருக்களில் எச்சரிக்கையாக இருங்கள். வெயில் நாளில் அந்த ஓடையைப் பார்த்தால் சாக்கடை அளவுகூட இருக்காது, அதை வைத்து எடை போடாதீர்கள். நகராட்சி இணையதளத்தில் ஓடை வாரியாக வெள்ள ஆய்வு அறிக்கைகள் இருக்கின்றன. முகவரியை வைத்துப் பார்த்துவிட்டே விண்ணப்பம் போடுங்கள். வாடகை வீடுதானே என்று நினைக்க வேண்டாம், நனைவது உங்கள் சாமான்கள்.

காற்றைப் பற்றி ஒரு வரி. குளிர்காலக் கடைசியில் மேற்கிலிருந்து மலையிறங்கி ஒரு காற்று அடிக்கும். குப்பைத் தொட்டிகள் தெருவில் உருளும், மொட்டைப் பால்கனியில் துணி காயப்போட முடியாது. சமாளிக்கலாம்.

இனி உங்கள் சிட்னி பயணம். ரயிலில் சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு சுமார் ஒன்றரை மணி நேரம். கடலோரப் பாதை, முதல் ஒரு மாதம் ஜன்னலை விட்டுக் கண் எடுக்க மாட்டீர்கள், பிறகு லேப்டாப்தான். விரைவு வண்டிகள் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. ஸ்டேஷன் பக்கத்தில் வீடு என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி எடுத்துவிடாமல், காலை ஆறு ஏழு மணி வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று அட்டவணையில் பாருங்கள். வொலங்காங், நார்த் வொலங்காங் இரண்டும் பாதுகாப்பான தேர்வு. பெருமழை என்றால் மண்சரிவால் பாதையை மூடுவதும், வார இறுதிகளில் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பஸ் விடுவதும் உண்டு. அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று மேனேஜரிடம் முன்னாலேயே பேசி வையுங்கள்.

ஆனால் வீட்டைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் ரயில் இல்லை, உங்கள் மனைவியின் நைட் ஷிஃப்ட். ஆஸ்பத்திரி கிரவுன் ஸ்ட்ரீட் மேட்டில் இருக்கிறது, பார்க்கிங் தலைவலி. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் சுற்றி வரும் இலவச ஷட்டில் பஸ் ஒன்று இருக்கிறது, பகலில் ரொம்ப உபயோகம். ராத்திரி வெகு நேரம் கழித்துப் போய் வருகிறவர்களுக்கு அது உதவாது. நீங்கள் வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் கூட அலைந்தாலும், அவர் நடந்தோ ஐந்து நிமிஷம் காரிலோ வீட்டுக்கு வந்து படுக்க முடிய வேண்டும்.

அந்தக் கணக்கில் என் முதல் தேர்வு வெஸ்ட் வொலங்காங், க்வின்வில். க்வின்வில்லில் மாணவர்கள் அதிகம், பல்கலைக்கழகம் பக்கம் என்பதால் ஜனவரி பிப்ரவரியில் வாடகை வீட்டுக்கு அடிதடி நடக்கும். முடிந்தால் அதற்கு முன்பே வந்து பாருங்கள். அடுத்தது மாங்கர்டன், கானிஸ்டன். கானிஸ்டன் பக்கம் வாடகை கொஞ்சம் இறங்கும், ஆனால் போர்ட் கெம்ப்ளா தொழிற்சாலைப் பகுதி நெருங்குவதால் தூசு, சரக்கு ரயில் சத்தம் இரண்டையும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேரி மெடோ சமதளம், சாமான் வாங்க வசதி, நம் ஆட்களும் இருக்கிறார்கள். திரூல் அழகு, அந்த அழகுக்கு வாடகையும் உண்டு, ஆஸ்பத்திரியும் தூரம். டாப்டோவில் புது வீடுகள் பெரிசாகக் கிடைக்கும், ஆனால் உங்கள் ரயில் நேரம் இன்னும் நீளும்.

பையன் விஷயம்: ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்தால் அந்த வருஷத் தொடக்கத்திலேயே கிண்டர்கார்டனில் (இங்கே பள்ளியின் முதல் வருஷம்) சேர்க்கலாம். அரசுப் பள்ளி வீட்டு முகவரியைப் பொறுத்தது. தெருவின் ஒரு பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்றுகூட இருக்கும். கல்வித்துறை இணையதளத்தில் முகவரியைப் போட்டால் சொல்லிவிடும்.

கோயில் கேட்டீர்கள். வடக்கே ஹெலன்ஸ்பர்க்கில் வெங்கடேஸ்வரர் கோயில், 1985-ல் கும்பாபிஷேகம் ஆனது, அரை மணி நேர ஓட்டம். வார இறுதியில் கேன்டீனில் தோசை கிடைக்கும், அதற்காகவே சிட்னியிலிருந்து வருகிறவர்கள் உண்டு. பெரிய தமிழ்க் கடைகளுக்கு மேற்கு சிட்னியின் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில் பக்கம் மாதம் ஒரு தரம் போய்வந்தால் போதும்.

வாடகை வாரக் கணக்கு. அதை நாலால் பெருக்கி மாத பட்ஜெட் போடாதீர்கள், 52-ஆல் பெருக்கிப் 12-ஆல் வகுங்கள். பாண்ட் (வாடகை முன்பணம்) நாலு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதுவும் அரசாங்கத்திடம் போய்ச் சேர வேண்டும், ஏஜென்ட் பையில் இல்லை. இங்கே வாடகைக்கு இருந்த வரலாறு இல்லாததால் ஆஸ்பத்திரியின் வேலை நியமனக் கடிதம், உங்கள் ஆஃபர் லெட்டர், வங்கி இருப்பு, ஊரில் இருந்த வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் மாதம் தற்காலிகமாக எங்காவது தங்கிக்கொண்டு, ஒரு மழை நாளில் போய் நின்று பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு மூன்று முகவரி பிடித்த பிறகு எழுதுங்கள், பக்கத்தில் ஓடை எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.