கேளுங்கள், சொல்கிறேன்: திரையில் வராத பெயர்

கேள்வி: 'தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் க்வாய்' படத்தின் பழைய வீடியோ கசெட் எங்கள் வீட்டில் உண்டு. அதில் திரைக்கதை பியர் பூல் என்று வருகிறது. மகன் போனில் பார்த்த பிரதியில் கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் என்று இருக்கிறது. எது சரி?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மகன் பார்த்ததுதான் சரி. பூல் நாவலை எழுதியவர், அதுவும் பிரெஞ்சில். ஆங்கிலத் திரைக்கதை அவர் எழுதியதல்ல. ஆனாலும் 1958 இல் அதற்கான ஒஸ்காரை அவருக்குத்தான் கொடுத்தார்கள். உண்மையில் எழுதிய இருவரும் அப்போது ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தார்கள். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களைப் பெரிய ஸ்டூடியோக்கள் கிட்டவே சேர்க்காத காலம் அது.

எனக்கும் இதில் ஒரு சின்ன வயிற்றெரிச்சல் உண்டு. இருபத்தாறு வயதில் நான் எழுதிய அரைமணி நேர நாடகம் ரேடியோவில் போனது. வெள்ளவத்தையில் ஒரு கடையில் பிளேன்டீயோடு காத்திருந்தேன். கடைசியில் வேறொருவர் பெயரை வாசித்தார்கள். அன்று பிளேன்டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. அதனாலோ என்னவோ, வில்சன் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

அவர் 1914 இல் ஒக்லஹோமாவில் பிறந்தவர். 1951 இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு கூப்பிட்டுக் கேட்டபோது பதில் சொல்ல மறுத்துவிட்டார். அடுத்த வருடமே 'எ பிளேஸ் இன் தி சன்' படத்துக்கு ஒஸ்கார் வாங்கினார். விருது வந்தது, வேலை வரவில்லை. 1956 இல் வந்த 'ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்' அவர் எழுதியதுதான். திரையில் திரைக்கதை என்று யார் பெயரும் இல்லை. தன்னைத் தானே எழுதிக்கொண்ட படம்!

அதற்கு முன், 1954 இல், 'சோல்ட் ஒஃப் தி ஏர்த்'. நியூ மெக்ஸிகோவில் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம்தான் கதை. எழுதியதை அந்தக் குடும்பங்களிடமே காட்டி, அவர்களுக்குப் பிடிக்காத காட்சிகளை எடுத்துவிட்டார். ஆண்கள் மறியல் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்க, மனைவிமார் போய் வரிசையில் நிற்பார்கள். நான் தோட்டத்தில் வளர்ந்தவன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒபீஸ் வாசலில் குந்திய எங்கள் அம்மாமார்தான் ஞாபகம் வந்தார்கள்.

அப்புறம் வில்சன் குடும்பத்தோடு பிரான்ஸுக்குப் போய், பல வருடம் அங்கிருந்து எழுதினார். 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா'வின் முதல் பிரதிகள் அவருடையவை. 1962 இல் படம் வந்தபோது பெயர் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது 1995 இல். 1968 இல் 'பிளனட் ஒஃப் தி ஏப்ஸ்' வந்தது. அதுவும் பூலின் நாவல்தான், பாருங்கள். இந்தத் தடவை ரொட் சேர்லிங்கோடு வில்சன் பெயரும் திரையில் வந்தது.

வில்சன் 1978 இல் இறந்தார். க்வாய் ஒஸ்கார் இவர்களுக்குரியது என்று அகாடமி ஒத்துக்கொண்டது 1984 இல். ஃபோர்மனும் அதே வருடம் போய்விட்டார். சிலைகளை வாங்கியது இருவரின் மனைவிமார்.

கேள்வி: க்வாய் படத்துக்காகக் கித்துல்கலவில் கட்டிய அந்தப் பாலம் இன்னும் இருக்கிறதா?
– வாசகர், தெஹிவளை

பதில்: இல்லை. 1957 இல் ரயிலோடு சேர்த்து வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். களனி கங்கைக் கரையில் கொங்கிரீட் அடித்தளம் மட்டும் மிச்சம். அவிசாவளை வழியாகப் போகும் ஹட்டன் பஸ்ஸில் ஏறுங்கள். கரைக்கு இறங்கும் பாதை மழைக்கு வழுக்கும். ரப்பர் செருப்போடு போன நான் பாதி தூரம் உட்கார்ந்தேதான் இறங்கினேன்.