தனித்தனியாக வாழ்ந்த செல்கள் ஒன்றுகூடித்தான் முதல் விலங்கு உருவானதா?

ஒன்றுகூடின என்பதைவிட, பிரிந்து போகாமல் தங்கிவிட்டன என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். பெங்களூரில் பி.யு.சி. வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். அல்சூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வகுப்பு முடிந்த பிறகு இதைத் தமிழில் கேட்பதுண்டு.

இன்று வாழும் ஒருசெல் உயிரிகளில் விலங்குகளுக்கு மிக நெருங்கிய உறவு கோயனோஃபிளாஜெல்லேட்டுகள். (அவை நம் முன்னோர் அல்ல, பொதுவான மூதாதையிடமிருந்து 60 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்த பங்காளிகள்.) சாட்டைபோல் அடிக்கும் ஒரே ஒரு கசையிழை, அதன் அடியைச் சுற்றி மெல்லிய விரல்களைப் போன்ற நீட்சிகளால் ஆன கழுத்துப்பட்டை, அவ்வளவுதான் உருவம். கசையிழை அடிக்கும்போது இழுபட்டு வரும் நீரிலுள்ள பாக்டீரியாக்கள் பட்டையின் வெளிப்புறத்தில் சிக்கி உணவாகின்றன. கடற்பஞ்சுகளின் உடலுக்குள் நீரோட்டத்தை உண்டாக்கும் செல்களும் ஏறக்குறைய இதே அமைப்பு கொண்டவை என்பதை 1860களிலேயே அமெரிக்க உயிரியலாளர் ஹென்றி ஜேம்ஸ் கிளார்க் கவனித்துவிட்டார்.

இவற்றுள் சால்பிங்கோயிகா ரொசெட்டா என்ற இனம் சுவையானது. அதன் ஒரு செல் பிளவுபடும்போது, சேய்ச் செல்கள் தனிக்குடித்தனம் போகாமல், நுண்ணிய பாலங்களால் இணைந்தபடியே, கசையிழைகள் வெளியே நீட்டியிருக்க, ரோஜா வடிவக் கூட்டமாகின்றன. ஆய்வகத்தில் குறிப்பிட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கலந்தபோது இந்தக் கூட்டங்கள் உருவாவது நின்றுபோனது. அல்கோரிஃபேகஸ் என்ற பாக்டீரியத்தைச் சேர்த்ததும் மீண்டும் உருவாயின. அந்தப் பாக்டீரியத்தின் கொழுப்புப் பொருள் ஒன்றே தூண்டுகோல் என்று உயிரியலாளர் நிகோல் கிங் குழுவினர் 2012இல் காட்டினர். இரையாகும் இனமே உண்பவற்றின் உடலமைப்பைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

செல்கள் இப்படிச் சேர்ந்திருக்கத் தேவையான மூலப்பொருள்களும் புதிதாக வரவில்லை. 2008இல் மரபணுத் தொகுதி வெளியான மோனோசிகா பிரெவிகோலிஸ் என்ற இன்னொரு கோயனோஃபிளாஜெல்லேட் தனியாகவே வாழ்கிறது. ஆனாலும் நம் தோலில் செல்லோடு செல்லைப் பிணைக்கும் கேடெரின் குடும்பத்து மரபணுக்கள் அதனிடம் 20க்கும் மேல் உள்ளன. பாக்டீரியாவைப் பிடிக்க அவை உதவியிருக்கலாம் என்பது ஓர் ஊகம்.

பிளவுபட்டுத் தங்குவதில் ஒரு வசதி உண்டு: எல்லாச் செல்களும் ஒரே மரபணுக்களைக் கொண்டவை என்பதால், சில செல்கள் இனப்பெருக்கத்தை விட்டுக்கொடுத்தாலும் அவற்றின் மரபணுக்கள் தொடரும். டிக்டியோஸ்டீலியம் என்ற சளிப்பூஞ்சையிலோ, தனித்தனி அமீபாக்கள் வந்து கூடுகின்றன. சுமார் ஐந்தில் ஒரு பங்கு, வித்துகளைத் தாங்கும் தண்டாகி மடிய, தண்டாகாமல் வித்துகளாக மட்டும் மாற முயலும் ஏமாற்றுக்கார வகைகள் அங்கே தோன்றிவிடுகின்றன. நம் நெருங்கிய உறவினரிலும் கேப்ஸாஸ்போரா என்ற ஒருசெல் உயிரி இப்படிக் கூடுவதுண்டு. எனவே ஒன்றுகூடும் வழியை அடியோடு ஒதுக்கிவிட முடியாது.