மகளின் படிப்புக் கடனுக்குள் மாப்பிள்ளையின் 5 லட்சம்

கேள்வி: சார், எனக்கு வயது 52. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். பிடித்தம் போகக் கைக்கு 62,000 வருகிறது. வீட்டுச் செலவு 30,000. மகள் இ.இ.இ. முடித்துச் சென்னையில் 26,000 சம்பளத்தில் இருக்கிறாள். எரிசக்தி வளம், நீடித்த வளர்ச்சி, உலகமயமாதல் மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் ஒரு வருட எம்.எஸ்சி. படிப்புக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 32 லட்சம் ஆகும் என்கிறார் ஏஜெண்ட். வீட்டை அடமானம் வைத்து 30 லட்சம் வாங்க நினைக்கிறேன். அதில் 5 லட்சம் தங்கை மாப்பிள்ளைக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. மீதி 25. குறைகிற 7 லட்சத்தை பி.எஃப்.பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 30 பவுன் நகை ஏற்கெனவே 9 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது (அதுவும் மாப்பிள்ளைக்காகத்தான்). வட்டியைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். கடனை அடைக்க உதவும் என்று பசுமை எரிசக்தி ஃபண்டு ஒன்றில் மாதம் 5,000 போடச் சொல்கிறார்கள் வங்கியில். எனக்குக் கல்விக் கடன் நல்லதா, அடமானக் கடன் நல்லதா? பயமாக இருக்கிறது சார்.

பதில்: நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான், அதனால் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறேன். நீங்கள் அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். இடம் போதாமல் மேலே சுருக்கியிருக்கிறேன். அதில் மகளின் படிப்புக்கு மூன்றரைப் பக்கம், மாப்பிள்ளைக்கு இரண்டே வரி, அதில் ஒன்று அடைப்புக்குறிக்குள். என் பதில் பெரும்பாலும் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான்.

கல்விக் கடனா, அடமானக் கடனா என்ற குழப்பம் உங்களுக்கு ஏன் வந்தது? கல்விக் கடன் வாங்கினால் வங்கி கட்டணத்தை நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடும். அதிலிருந்து 5 லட்சத்தை உருவி மாப்பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. அடமானக் கடன் என்றால் பணம் உங்கள் கணக்குக்கு வரும். "வீட்டு மேலயே வாங்கிடுங்க மச்சான், வட்டியும் கம்மி" என்று உங்களுக்கு யார் சொல்லியிருப்பார் என்று ஊகிக்க எனக்கு ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. ஆக, 5 லட்சத்துக்காக 25 லட்சத்தின் கடன் வகையையே மாற்றப் பார்க்கிறீர்கள்.

அதன் விலையைப் பாருங்கள். எல்லாம் தோராயக் கணக்கு. அடமானக் கடன் 30 லட்சம், வட்டி 11 சதவீதம். 58 வயதில் உங்களுக்கு ஓய்வு, அதனால் வங்கி 6 வருடத்துக்கு மேல் யோசிக்கும். நான் தாராளமாக 7 வருடம் போடுகிறேன். மாதத் தவணை 51,400 ரூபாய் வருகிறது. அடுத்த மாதமே ஆரம்பம். வீட்டுச் செலவு 30,000. நகைக் கடன் வட்டி மாதத்துக்குச் சுமார் 7,500. கூட்டினால் 88,900. வருவது 62,000. மகள் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கும்போதே நீங்கள் மாதம் 27,000 ரூபாய் பள்ளத்தில் நிற்பீர்கள். அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவீர்கள்? நகை ஏற்கெனவே உள்ளே. அடுத்தது கைமாற்று, அதற்கடுத்தது கந்து.

அதே 25 லட்சத்தைக் கல்விக் கடனாக வாங்கினால் படிப்பு முடிந்து 6 மாதம் அல்லது ஒரு வருடம் வரை தவணை கேட்க மாட்டார்கள். இடைப்பட்ட வட்டி ஏறி சுமார் 30 லட்சமாகும். அதை 15 வருடத்தில் கட்டலாம். மாதம் 34,000 சொச்சம். அதுவும் சின்னத் தொகை இல்லை. ஆனால் கடன் மகள் பெயரில், அவள் சம்பாதிக்கத் தொடங்கும் நேரத்தில் வருகிறது. நீங்கள் கூட்டுக் கடன்தாரர். 7.5 லட்சத்துக்கு மேல் என்றால் பொதுவாக ஈடு கேட்பார்கள், வீட்டுப் பத்திரம் அங்கேயும் போகலாம். ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இனி நகைக்கு வருவோம். முதலில் 3 லட்சம், அடுத்த வருடம் 3, போன வருடம் 3 என்று எழுதியிருந்தீர்கள். 10 சதவீத வட்டி என்று வைத்தால் நான்கு வருடத்தில் முதல் கடனுக்கு 1.2 லட்சம், இரண்டாவதற்கு 90,000, மூன்றாவதற்கு 30,000. மொத்தம் 2.4 லட்சம் வட்டி உங்கள் சம்பளத்திலிருந்து போயிருக்கிறது. மாப்பிள்ளை இரண்டு தவணையாகத் திருப்பிக் கொடுத்தது 80,000. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

உங்களுக்குத் தீங்கு செய்கிற பழக்கம் இதுதான்: கெடு வரும்போது வட்டியைக் கட்டி, ரசீதை மாற்றி வைத்துவிட்டு வருவது. வட்டி கட்டிவிட்டு வெளியே வருகிறவர் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும், ஏதோ கடனையே அடைத்துவிட்டது போல. அடகுக் கடை வாசலில் அந்த முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். நகை ஏலத்துக்குப் போகாமல் இன்னொரு வருடம் அங்கேயே இருக்கும், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. நீங்கள் தவறாமல் கட்டுவதால்தான் மாப்பிள்ளைக்கு அது கடனாகவே தோன்றவில்லை. ஒரு முறை ஏலக் கடிதம் வந்திருந்தால் அவரும் ஓடி வந்திருப்பார்.

தங்கை வீட்டுக்காரர் கேட்டால் மறுக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. தங்கை கண்கலங்கி வந்து நின்றுவிடுவாளோ என்ற பயம் நம் ஊரில் பல வீட்டுப் பத்திரங்களை வங்கிக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 30 பவுன் யாருடையது? உங்கள் மனைவியுடையது. நான்கு பக்கத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லையே அண்ணாச்சி.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மனைவியிடம் உட்கார்ந்து பேசி, அவர் சம்மதித்தால், நகையில் ஒரு பகுதியை விற்று மீதியை மீட்டுவிடுங்கள். பவுன் விலை தினமும் ஆடுகிறது. 90,000 என்று வைத்து, பழைய நகைக்கான கழிவு போகக் கைக்கு 83,000 வருகிறது என்று கொண்டால் 11 பவுன் விற்றால் 9 லட்சம் அடையும். 19 பவுன் வீட்டுக்குத் திரும்பும். வருடம் 90,000 வட்டி நிற்கும். விற்பது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் நான்கு வருடமாக அந்த நகையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வாடகை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளையிடம் 5 லட்சத்துக்கு இல்லை என்று சொல்லும்போது காரணத்தை நீட்ட வேண்டாம். "பிள்ளை படிப்புக்கு வங்கி நேரா காலேஜுக்கு அனுப்புது, என் கையில பணமே வராது" என்றால் போதும், அது உண்மையும்கூட. அப்புறம் அவர் அடுத்த படிக்கு இறங்குவார்: "சரி மச்சான், ஒரு ஜாமீன் கையெழுத்தாவது போடுங்க." அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். ஜாமீன் போட்ட கடன், வங்கிகள் பார்க்கும் உங்கள் கடன் வரலாறான சிபில் அறிக்கையில் ஏறும். அவர் தவணை தவறினால் உங்கள் மதிப்பெண் இறங்கும், மகளுக்குக் கூட்டுக் கடன்தாரராக நிற்கும் உங்கள் தகுதியும் அதோடு இறங்கும். கையெழுத்துக்குக் காசு செலவில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பி.எஃப். 7 லட்சத்தைத் தொடவே வேண்டாம். ஆறு வருடத்தில் ஓய்வு வருகிறது, அது அதற்கான பணம்.

மகளின் படிப்பைப் பற்றி. படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பெண், அதையே படிக்க ஆசைப்படுகிறாள். துறையும் வெறும் பேச்சு இல்லை. இரும்பு, அலுமினியம், சிமெண்ட் போன்றவற்றை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோனால் அவற்றைச் செய்யும்போது வெளியான கார்பனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2023 அக்டோபரில் ஆரம்பித்தார்கள். 2026 ஜனவரியிலிருந்து கொண்டுபோவதற்குப் பணமும் கட்ட வேண்டும். இங்கே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, பட்டியலிட்ட நிறுவனங்களில் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. உங்கள் மில் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், நூல் வாங்குகிறவர்கள் இப்போது என்னென்ன படிவம் நிரப்பச் சொல்கிறார்கள் என்று. உலகமயமாதல் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தப் படிவங்களில்தான். அதை நிரப்பத் தெரிந்த ஆட்களுக்கு வேலை இருக்கிறது.

ஆனால் வேலை கொடுப்பவர் படிப்பின் தலைப்பைப் பார்த்துச் சம்பளம் போடுவதில்லை. நீங்கள் இணைத்திருந்த பாடத்திட்டத்தைப் படித்தேன். கொள்கை, விவாதம், கட்டுரை அதிகம். மின்கட்டமைப்பு, அளவீடு, கார்பன் கணக்கு எல்லாம் குறைவு. பொறியியல் படித்த பெண், பொறியியலை விட்டு நகரும் படிப்புக்கு 32 லட்சம் கொடுக்கலாமா என்பதை அவள்தான் யோசிக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் அங்கே இரண்டு வருடம் வேலை பார்க்க அனுமதி என்று ஏஜெண்ட் சொன்னதும் பழைய கதை. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம்தான். அதற்குப் பிறகும் அங்கே தங்கி வேலை பார்க்க, நிறுவனம் பொதுவாக வருடம் 41,700 பவுண்டு தர வேண்டும். 2025 ஜூலையில் அந்த வரம்பை உயர்த்தினார்கள். புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. அப்படி ஒரு வேலை கிடைத்தால் 34,000 தவணை ஒரு பொருட்டே இல்லை. கிடைக்காமல் திரும்பி வந்து சென்னையில் 50,000 சம்பளத்தில் சேர்ந்தால், வாடகையும் சாப்பாடும் போக அந்தத் தவணை யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரிச்சலுகை என்று ஏஜெண்ட் ஆசை காட்டியிருக்கிறார். கல்விக் கடன் வட்டிக்கான வரிக் கழிவு பழைய வரித் திட்டத்தில்தான் கிடைக்கும். புதிய திட்டத்தில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. உங்கள் சம்பளத்துக்கு வரியே வராதபோது எதில் போய்க் கழிப்பது? அவர் சொன்ன பி.எம். வித்யாலக்ஷ்மி வட்டி மானியமும் இந்தியாவில் உள்ள தரவரிசை நிறுவனங்களில் படிப்பவர்களுக்குத்தான். லண்டன் வரை அது வராது.

மகள் இன்னும் ஒரு வருடம் வேலையில் இருந்துகொண்டே வேறு வழிகளையும் பார்க்கட்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. ஓல்டன்பர்க்கில் 1987 முதல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கென்றே ஒரு முதுநிலைப் படிப்பு நடக்கிறது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்றால் சுமார் 12 லட்சம். அது மாதம் 992 யூரோவாக அவளுக்கே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் திரும்பி வரும். படிப்பு இரண்டு வருடம். இரண்டாம் வருடத்துக்குப் பகுதிநேர வேலை கொஞ்சம் தாங்கும், மீதிக்குக் கடன். 15 லட்சத்துக்குள் முடித்தால் தவணை 17,000 பக்கம். சிக்கல் வேறு இடத்தில்: இங்கே வாங்கிய பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், அதற்கு நேரம் பிடிக்கும். வேலை வேண்டும் என்றால் ஜெர்மன் மொழி வேண்டும். அதனால்தான் ஒரு வருடம் என்றேன்.

இங்கேயே படிக்க விருப்பம் என்றால் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதட்டும். ஐ.ஐ.டி. பம்பாயில் எரிசக்திக்குத் தனித் துறை இருக்கிறது. கேட் வழியாகச் சேரும் எம்.டெக். மாணவர்களுக்கு மாதம் 12,400 உதவித்தொகை. அண்ணா பல்கலைக்கழகத்திலும் எரிசக்திக்கென்று தனி மையம் உண்டு. உங்கள் மில்லுக்கு எனர்ஜி ஆடிட் செய்ய வருகிறவரிடம் அவர் என்ன படித்தார், என்ன தேர்வு எழுதினார் என்று மகளை ஒரு நாள் பேச வையுங்கள். ஏஜெண்டோடு ஒரு மாதம் பேசுவதைவிட அது மேல்.

கடைசியாக அந்தப் பசுமை எரிசக்தி ஃபண்டு. கதை கவர்ச்சியாகத்தான் இருக்கிறது, சூரியன், காற்று, எதிர்காலம் என்று. மகளின் படிப்பு அந்தத் துறை, வேலை அந்தத் துறை, இப்போது சேமிப்பும் அதே துறையிலா? சோலார் கம்பெனிகள் ஒரு வருடம் சறுக்கினால் ஆள் எடுப்பதும் நிற்கும், உங்கள் ஃபண்டும் விழும், தவணை மட்டும் நிற்காது. அதுவும் 10 சதவீதத்துக்கு நகையை அடகில் வைத்துக்கொண்டு யாராவது ஃபண்டில் பணம் போடுவார்களா? அதே மேனேஜர் கடனோடு சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு ஒற்றைப் பிரீமியம் பாலிசி ஒன்றையும் நீட்டியதாக எழுதியிருந்தீர்கள். அதை எடுத்தால்தான் கடன் என்றால் எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும். மகள் பெயரில் கடன் தொகைக்குச் சாதாரண டேர்ம் காப்பீடு எடுங்கள். அந்த வயதுக்கு வருடம் சில ஆயிரம்தான்.

நகை ரசீதில் அடுத்த கெடு தேதி என்ன என்பதை நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கு ராத்திரி எடுத்துப் பாருங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால், இந்த முறை வட்டிப் பணத்தோடு தனியாகப் போகாமல், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.