விட்டதைப் பிடிக்கிறேன் என்கிறார்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். இவருக்கு ஹோட்டலில் வேலை. முதலில் கூட்டாளிகளோடு கிரிக்கெட் மேட்சுக்குப் பந்தயம் கட்டினார். இப்போது இரவிரவாக போனில் ரூலட், அதுதான் அந்தச் சக்கரம் சுழற்றுகிற சூது. என் சங்கிலியை அடைவு வைத்திருப்பது போன கிழமைதான் தெரிய வந்தது. கேட்டால் கோபப்படுவதில்லை. "நீ நட்டத்தை மட்டும் பார்க்கிறாய். மூளையோடு விளையாடினால் லாபம் உண்டு. விட்டதைப் பிடித்ததும் நிறுத்துகிறேன்" என்கிறார். ஒருமுறை வென்ற காசில் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தந்ததும் உண்மைதான். இவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? கடனை அடைத்துவிடச் சொல்லி மூதூரில் இருக்கும் அண்ணாவிடம் கேட்கலாமா?

ஒரு மனைவி, திருகோணமலை

அன்புத் தங்கச்சி,

ரூலட்டைத் தொடர்ந்து விளையாடுகிறவருக்கு லாபம் கிடையாது. சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 இலக்கங்கள், பந்து எதில் விழும் என்றுதான் பந்தயம். ஓர் இலக்கத்தில் 100 ரூபாய் வைத்து வென்றால், வைத்த காசும் சேர்த்து 3,600 வரும். 37 தடவை வைக்க 3,700 வேண்டும். குறைகிற அந்த 100 ரூபாய் சராசரியாக நடத்துகிறவர்களுக்குப் போகிறது. இரண்டு பூச்சியம் உள்ள சக்கரம் என்றால் இன்னும் மோசம். போனிலோ கடை பூட்டும் நேரமே இல்லை. அந்தக் கழிவு விடியும்வரை திரும்பத் திரும்ப விழுகிறது.

மூளையால் வென்றவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கணித ஆசிரியர் எட்வர்ட் தோர்ப், பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் வெளியே வந்த சீட்டுகளைக் கணக்கு வைத்தால் வெல்லலாம் என்று 1960களில் காட்டினார். சூதாட்ட விடுதிகள் சீட்டுக் கட்டுகளைக் கூட்டி அதற்கும் தடை போட்டன. ரூலட்டில் அந்த வழியும் கிடையாது, முந்தைய சுற்று அடுத்த சுற்றை மாற்றுவதில்லை. ரூலட்டில் சிவப்பு, கறுப்பு என்று நிறத்திலும் பந்தயம் கட்டலாம். 1913இல் மொன்டே கார்லோ சூதாட்ட விடுதியில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று நம்பிக் காசைக் கொட்டியவர்கள் நிறையவே இழந்தார்கள். விட்டதைப் பிடிக்கலாம் என்று இவர் நினைப்பதும் அதே நம்பிக்கைதான்.

கையில் மிஞ்சிய சில்லறைக்கு ஒரு லொத்தர் டிக்கெட் வாங்கி, அதை மறந்துவிடுகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். இவர் அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டார்.

சைக்கிள் கதையைச் சொல்கிறபோது இவர் உங்களை ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள். எப்போது வரும் என்று தெரியாமல் வருகிற வெற்றிதான் மனதைக் கட்டிப் போடும். தோல்விகள் மங்கிவிடும், அது மட்டும் பளிச்சென்று நிற்கும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் இந்தச் சூதாட்ட அடிமைத்தனத்தை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்த்தது. இதற்கு சிகிச்சை இருக்கிறது. அதனால் கணக்குப் பேசி வெல்லப் பார்க்காதீர்கள், களைத்துப்போவீர்கள். போன மாதங்களின் வங்கிக் கணக்கை இருவரும் பக்கத்தில் இருந்து பாருங்கள், போதும்.

அண்ணாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் காசு கேட்க வேண்டாம். மொத்தக் கடனையும் ஒரேயடியாக அடைத்தால், திரும்பவும் பந்தயம் கட்டக் கை துணியும். இவருடைய சம்மதத்தோடு சம்பளமும் வங்கி அட்டையும் உங்களிடம் இருக்கட்டும். அடைவுத் துண்டையும் வாங்கி வையுங்கள், சங்கிலியை நீங்களே மெதுவாக மீட்கலாம். அப்புறம், திருகோணமலை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு இவரைக் கூட்டிப் போங்கள். தனியாகக் கூப்பிட்டு வரமாட்டார் என்றால் அண்ணாவும் கூட வரட்டும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், தங்கச்சி. கடன் நெரிக்கும்போது "செத்துப்போகலாம் போல இருக்கிறது" என்று இவர் ஒரு தடவை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாமல் கூடவே இருந்து, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.